கேட்கிறவன் இருந்தால்தான் மெசின் வரும்

யாழ்ப்பாணம் நகருக்குள் சின்னதாய் ஒரு கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படம் எல்லாம் உண்டு. ரெலிபோன் எடுக்க வரிசையில் நின்ற காலம் போய்விட்டாலும் சனம் இன்னும் 'கொமினிகேசன்' என்றுதான் சொல்கிறது. எந்தத் தொழிலில் என்ன மாற்றம் வரப்போகிறது என்பது முதலில் படிவமாகத்தான் என் மேசைக்கு வரும். பட்டறைக்குப் பதிவு இலக்கம் கேட்கிறார்கள் என்று நகை செய்கிற பத்தர் ஒருவர் வந்து நிற்பார். கூலர் வாகனத்தில் நண்டு ஏற்றுகிறவர் ஏதோ சான்றிதழை ஸ்கான் பண்ணித் தரச் சொல்லுவார். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் வரி இலக்கம் எடுக்கவேண்டும் என்று 2024 தொடக்கத்தில் சொன்னபோது, சம்பளம் என்ற ஒன்றையே கண்டிராத பெடியளும் அடையாள அட்டையோடு வாசலில் நின்றார்கள்.

தொழில்நுட்பம் தொழில்களைப் புரட்டிப்போடுகிறது என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். சட்டதிட்டம் கழுத்தை நெரிக்கிறது என்று இன்னொரு பக்கம். நான் பார்த்தவரையில் இரண்டும் தனித்தனியே வருவதில்லை. ஒன்றை அளக்க மெசின் வரும். அளக்கலாம் என்றானதும் 'அளந்து காட்டு' என்று சட்டம் வரும். சில வேளை வரிசை மாறும், அவ்வளவுதான். இரண்டையும் வரவழைப்பது யார் என்று பார்த்தால் அநேகமாக வாங்குகிறவன். கையில் காசோடு நின்று 'எனக்கு இது தெரியவேண்டும்' என்று கேட்கிறவன். தொழில் செய்கிறவனுக்கு என்ன தெரியவேண்டும் என்று கேட்டு வந்த மெசின் ஒன்றை இன்னும் நான் காணவில்லை.

நகைத்தொழிலைப் பாருங்கள். கஸ்தூரியார் வீதியின் கண்ணாடிக் கடைகளைச் சொல்லவில்லை, அவற்றுக்குப் பின்னால் ஒழுங்கைகளில் இருந்த பட்டறைகளைச் சொல்கிறேன். குமுட்டி அடுப்பு, ஊதுகுழல், கம்பியச்சு, சாமணம், ஒரு மரப்பெட்டி, அதற்குள் துணியில் சுற்றிய உரைகல். பொன்னைக் கல்லில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்தில் மாற்று, அதாவது பொன்னின் தரம், தெரிந்த மச்சத்தால் (மாதிரித் துண்டு) இன்னொரு கோடு. இரண்டின் மேலும் அமிலம் ஒரு துளி. எந்தக் கோடு எவ்வளவு வெளிறுகிறது என்பதைப் பார்த்து, இது இருபத்திரண்டு கரட், இது இருபதுதான் என்று சொல்லிவிடுவார். அதற்கு வெளிச்சம் வேண்டும், கண் வேண்டும், கண்ணுக்குப் பல வருசப் பழக்கம் வேண்டும். வாங்குகிறவருக்கு இவை எதுவும் இல்லை. ஆகவே அவர் பத்தரை நம்பினார். நம்பியவர்களில் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பத்தர் எல்லாரும் அரிச்சந்திரர்கள் என்று எழுத எனக்கு மனம் வராது.

பிறகு எக்ஸ்-கதிர் மெசின் வந்தது. நகையைச் சிறிய பெட்டி ஒன்றுக்குள் வைத்து மூடுகிறார்கள். கதிர் பட்டதும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய சக்தி அளவில் கதிரைத் திருப்பி வீசும். அதை எண்ணி, தங்கம் இத்தனை வீதம், செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று மெசின் துண்டு அடித்துத் தருகிறது. உரசத் தேவையில்லை, உருக்கத் தேவையில்லை. 24 பங்கில் 22 பங்கு என்றால் 91.6 வீதம், அதுதான் எல்லாரும் சொல்கிற '916'. இன்னொரு வேடிக்கை: கதிர்வீச்சை உண்டாக்குகிற கருவி என்பதால் இந்தப் பெட்டியே 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. உரைகல்லுக்கு யாரும் அனுமதிப்பத்திரம் கேட்டதில்லை.

ஒரு அக்கா அப்படி ஒரு துண்டோடு கடைக்கு வந்தார். மகளின் கலியாணத்துக்காகத் தன் பழைய தாலிக்கொடியை மாற்றப் போயிருக்கிறார். மெசின் 88 என்று காட்ட, அந்தக் கணக்கில்தான் விலை போடுவோம் என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். துண்டைப் பிரதி எடுத்துக்கொண்டு தம்பியிடம் காட்டப் போகிறார்.

"தம்பி, உந்த மெசின் சொல்லிறது சரியெண்டால், எங்களுக்கு நகை செய்த பத்தர் களவெடுத்தவரோ? அவர் எங்கடை அப்பாவின்ரை சினேகிதன்."

எனக்குப் பதில் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான பத்தர் (ஓய்வூதியப் படிவம் நிரப்ப வந்தவர்) துண்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "மெசின் பொய் சொல்லேல்லைப் பிள்ளை. களவும் இல்லை. அது பொடி."

அவர் சொன்னதை என் பாசையில் சொல்கிறேன். கையால் செய்த கொடியில் ஒவ்வொரு கண்ணியும் பற்றவைத்தது. பற்றவைக்கிற பொடி, கண்ணி உருகுவதற்கு முதல் உருக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணியும் சேர்ந்து ஓடிவிடும். முந்தி உருக வேண்டுமென்றால் அதில் பொன்னைக் குறைத்துச் செம்பையும் வெள்ளியையும் கூட்ட வேண்டும். கண்ணி இருபத்திரண்டு கரட்டாகவே இருந்தாலும், அத்தனை ஒட்டையும் சேர்த்து உருக்கினால் மாற்று இறங்கத்தான் செய்யும். இது தெரிந்துதான் கொடுத்தார்கள், தெரிந்துதான் வாங்கினார்கள். எழுதி வைக்கவில்லை, அதுதான் இப்போது வந்த வில்லங்கம். அந்த மெசின் மேற்பரப்பின் மிக மெல்லிய படையைத்தான் பார்க்கிறது என்பதும், ஒட்டின் மேல் வைத்தால் ஒரு எண்ணும் கண்ணியின் மேல் வைத்தால் வேறு எண்ணும் வரும் என்பதும், துண்டில் அச்சாவதில்லை. தடித்த முலாம் பூசிய நகையில் அது ஏமாந்தும் போகும். மெய்யான மாற்று வேண்டுமென்றால் ஒரு துணுக்கை வெட்டி உருக்கிப் பிரித்து நிறுக்க வேண்டும். உலகம் முழுக்க இன்றும் அதுதான் கடைசித் தீர்ப்பு.

பொடியால் மாற்றுக் குறைகிறது என்ற முறைப்பாட்டுக்கு இடையில் ஒரு மருந்தும் கண்டுபிடித்தார்கள்: காட்மியம். கொஞ்சம் சேர்த்தாலே பொடி சீக்கிரம் உருகும், பொன்னைப் பெரிதாகக் குறைக்கத் தேவையில்லை. நகை 916 ஆகவே நிற்கும். 'கே.டி.எம். நகை' என்று விளம்பரம் போட்டு விற்றார்களே, அது இதுதான். பொன் உருகுவது 1,064 பாகை செல்சியசில். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நஞ்சு. வாங்குகிறவருக்கு வேண்டிய எண் கிடைத்தது, ஊதுகுழலைப் பிடித்தவர் புகையைக் குடித்தார். அந்தப் பட்டறைகளில் காற்றை அளக்க ஒரு பெட்டி வந்ததாக எந்தப் பத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது லேசர் ஒட்டு மெசின் வந்திருக்கிறது. பொடியே வேண்டாம், கண்ணியை அதன் பொன்னாலேயே ஒட்டிவிடும். நல்ல மெசின்தான், புகையும் இல்லை. ஆனால் அதை வாங்குகிற காசு ஒழுங்கைப் பட்டறையில் இல்லை. கணினியில் வரைந்து, மெழுகில் அச்செடுத்து வார்க்கிற வேலையும் பெரிய இடங்களுக்குத்தான் கட்டும். சென்னைக்குப் போய்வருகிறவர்கள் அங்கிருந்தே எடுத்து வருகிறார்கள். இந்தியாவில் 2021 யூனில் இருந்து ஹோல்மார்க் என்ற தரமுத்திரை கட்டாயமாகி, ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் இலக்கமுமாய் ஆறு குறி கொண்ட அடையாளம் பொறிக்கிறார்கள், போனில் அடித்துப் பார்க்கலாம். அதைக் கண்ட மணப்பெண் இங்கே பத்தரின் வாய்ச்சொல்லை எடுப்பாளா? எடுக்கத் தேவையும் இல்லை. அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் நடந்தது முழுக்க நன்மை.

பத்தரின் மகன் இப்போது கொழும்பில் வேறு வேலை. பட்டறையில் காது குத்துவது, அறுந்த சங்கிலி ஒட்டுவது மட்டும் நடக்கிறது.

கள்ளுத் தொழிலைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை, அங்கே கேட்கிறவர் அரசாங்கம். மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912 ஆம் ஆண்டினது. தவறணை, போத்தல், போக்குவரத்து, எல்லாவற்றுக்கும் அனுமதி. வரி வருகிற இடத்தில் அளவும் துல்லியமாக வந்துவிடும். பனை அபிவிருத்திச் சபை 1978 இல் வந்தது. பனையைத் தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பது நல்ல விதிதான், போரில் தறிபட்டது போக மிஞ்சியதையாவது காக்கிறது. திக்கத்தில் வடிசாலை இருக்கிறது, போத்தலில் அடைத்த கள்ளு கப்பலும் ஏறுகிறது. ஆனால் காலையும் மாலையும் முட்டியோடு பனையில் ஏறி இறங்குகிறவர் காலில் மாட்டுகிற தளநாரையும் நெஞ்சையும் நம்பித்தான் ஏறுகிறார். தென்னைக்கு ஏறுகிற கருவி வந்து எவ்வளவோ காலம். பனைக்கு அது சரிவரவில்லை என்கிறார்கள் சீவல்காரர், மரம் அடிமுதல் நுனிவரை ஒரே பருமன் இல்லை, கருக்கும் சிராயும் வேறு. அப்படியென்றால் பனைக்கென்று ஒன்று செய்திருக்கலாமே? யார் கேட்டார்கள்? விழுந்தவர் கேட்டால் அது சந்தை ஆகாது.

கடலுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2015 சனவரியில் இலங்கை மீனை வாங்கமாட்டோம் என்று தடை போட்டது. ஆழ்கடலில் சட்டமில்லாமல் பிடிப்பதைக் கட்டுப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. என்ன நடந்தது? பலநாட் படகுகளில் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பூட்டினார்கள். எந்தப் படகு எந்த நேரம் எங்கே நிற்கிறது என்பது கொழும்பில் திரையில் தெரிந்தது. 2016 யூனில் தடை நீங்கியது. மெசினும் சட்டமும் கைகோர்த்து வேலை செய்தால் எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இனி எங்கள் பக்கக் கடலைப் பாருங்கள். இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து 2017 இல் பாராளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம். அடுத்த வருசம் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டத்தை ஏற்றி இன்னொரு திருத்தம். வடமராட்சியில் இருந்து தீவகம் வரை கடற்றொழிலாளர் சங்கங்கள் வருசக்கணக்காகக் கேட்டுப் பெற்ற சட்டம் அது. கடலின் அடியைச் சுரண்டி மடி போகும்போது மீனோடு குஞ்சும் பாசியும் பவளமும் சேர்ந்து போகிறது, வழியில் கிடக்கிற எங்கள் ஆட்களின் வலையும் போகிறது. சட்டம் வந்தும் இந்திய இழுவைப்படகுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கடற்படை சிலதைப் பிடிக்கும், இராமேசுவரத்தில் ஆர்ப்பாட்டம் நடக்கும், பிறகு விடுதலை. அறுந்த வலைக்காரர் என் கடைக்கு வந்து பொலிசுக்கும் திணைக்களத்துக்கும் முறைப்பாடு தட்டச்சுச் செய்விப்பார். எந்தப் படகு? இலக்கம்? இருட்டில் யார் இலக்கம் பார்த்தது!

"தம்பி, கொழும்பிலை இருந்து ரூனாப் படகைக் காணலாமாம். இஞ்சை எங்கடை கண்ணுக்கு முன்னாலை நிக்கிற ரோலரை ஒருத்தருக்கும் தெரியேல்லையாம்."

அவருடைய கோபம் சரியாகத்தான் குறி பார்க்கிறது. ரூனா மீனைக் கேட்கிறவன் பிரசல்சில் இருந்தான், வாங்கமாட்டேன் என்று சொல்லக்கூடியவன். பாக்குநீரிணையில் இத்தனை படகு வந்தது, இத்தனை வலை அறுந்தது என்ற கணக்கை ஒருவரும் விலைக்குக் கேட்கவில்லை. அதனால் அந்தக் கணக்கை எடுக்கிற மெசினும் இல்லை. இடையில் 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. வெளியிணைப்பு இயந்திரம் மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்னப் படகுக்காரருக்கு அதுதான் பெரிய ஒழுங்குவிதி. கரையில் இழுத்துவிட்டவர்கள் பலர்.

கடலட்டையை (கடல்வெள்ளரி என்றும் சொல்வார்கள்) வேண்டுமென்றே பின்னுக்கு வைத்தேன், எழுதத் தொடங்கினால் நிறுத்தக் கடினம். யாழ்ப்பாணத்தில் ஒருவரும் அட்டை தின்பதில்லை. சீனாவிலும் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் தின்கிறார்கள், நல்ல விலையும் கொடுக்கிறார்கள். முந்தி சுழியோடிகள் அனுமதிப்பத்திரம் எடுத்து, குடலை எடுத்து அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைச் சுரண்டி, மறுபடி அவித்து வெயிலில் காயவைத்து விற்றார்கள். பிடித்துப் பிடித்துக் கடலில் குறைந்தது. இப்போது பண்ணை.

பண்ணையில் வளர்ப்பது வெள்ளை அட்டை. பகலில் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும், பொழுதுபட்டால் வெளியே வந்து மணலை விழுங்கி அதில் உள்ள உக்கலைத் தின்னும். தீனி போடத் தேவையில்லை, ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலை அடித்தால் போதும். குஞ்சு உற்பத்திதான் நுட்பம். தாய் அட்டை நிற்கிற தண்ணீரின் சூட்டைச் சில பாகை ஏற்றி முட்டையும் விந்தும் விடச் செய்கிறார்கள். குடம்பிக்கு நுண்பாசி ஊட்டுகிறார்கள், ஒட்டிப் பிடிக்கிற பருவம் வந்ததும் தட்டுகளில் விட்டு, பிறகு சிறுகண் வலைக்கூட்டுக்கு மாற்றி, பெருத்ததும் பண்ணைக்கு. விற்கிற பருமனுக்கு வர ஒரு வருசமோ அதற்கு மேலோ எடுக்கும்.

இந்த நுட்பம் எங்கே பிறந்தது தெரியுமா? தூத்துக்குடியில். 1988 இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அங்குள்ள நிலையத்தில்தான் வெள்ளை அட்டையை முதன்முதலில் செயற்கையாய் இனம்பெருக்கினார்கள். பிறகு 2001 இல் இந்தியா கடலட்டை முழுவதையும் வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் போட்டது. புலியும் யானையும் இருக்கிற அட்டவணை. அங்கே கையில் வைத்திருந்தால் சிறை. நீரிணையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே அட்டைக்கு அரசாங்கமே அனுமதிப்பத்திரம் கொடுத்து வளர் என்கிறது. மன்னார்க் கடலில் அங்கிருந்து இங்கே கடத்திவரும் அட்டை மூட்டைகள் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருவதில் என்ன வியப்பு?

இங்கே 2022 யூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் வர்த்தகக் கடலட்டைத் திட்டம் ஒன்றுக்கு அமைச்சரவை இணங்கியது. டொலர் இல்லாமல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. வெளிநாட்டுக் காசு கொண்டுவரும் எதுவும் தேவாமிர்தமாய்த் தெரிந்த நேரம். நக்டாவுக்கு, அதாவது நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கு, விண்ணப்பம் எழுதுவிக்க என் கடைக்கும் வந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கத்தின் கடிதம், கிராம சேவையாளரின் கடிதம், பிரதேச செயலகம், பிறகு இடத்தின் ஜி.பி.எஸ். ஆள்கூறுகள். போனில் புள்ளி எடுத்து வருவார்கள், அதை வரைபடத்தில் போட்டுக் கொடுப்பேன். கணினித் திரையில் கடல் வெறும் நீலம். நான்கு புள்ளியை இணைத்தால் ஒரு சதுரம். அழகாகத்தான் இருக்கும்.

சதுரத்துக்குள் ஏற்கெனவே யார் இருந்தார்கள் என்பதைத் திரை காட்டாது. களங்கட்டி (தடி நட்டுக் கட்டுகிற நிலைவலை) போடுகிறவர் காலங்காலமாய் ஒரு நீரோட்டத்தைப் பார்த்துத்தான் தடி நடுவார். இறால் எந்தப் பக்கத்தால் வரும், நண்டு எந்த வாய்க்காலால் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவர் தொழில் செய்கிற இடத்துக்குப் பத்திரம் இல்லை, ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும் என்பதுதான் பத்திரம். வலைச் சுவர் எழும்பியதும் ஓட்டம் மாறுகிறது, படகு சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. அட்டையைக் களவெடுக்காமல் காவல் கொட்டிலில் இரவிரவாக வெளிச்சம் போடுகிறார்கள், அது நண்டுக்கும் மீனுக்கும் ஆகாது என்பது கரைவலைக்காரரின் வாதம். கௌதாரிமுனையில் 2021 இல் சீனத் தொடர்புள்ள பண்ணை பற்றிச் சத்தம் எழுந்தது, கிராஞ்சியில் 2022 இல் பண்ணைகளுக்கு எதிராக ஆணும் பெண்ணும் தெருவில் இருந்தார்கள். சீனம் என்ற சொல் வந்ததும் கொழும்பும் டெல்லியும் காது கொடுத்தன. கிராஞ்சி அம்மாக்கள் பேசியது சீனாவைப் பற்றி அல்ல, இறாலைப் பற்றி.

பண்ணைக்காரரை வில்லனாக்கவும் நான் தயாரில்லை. புங்குடுதீவுப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், போரில் எல்லாம் இழந்து, சீட்டுக் காசில் ஒரு சின்னப் பண்ணை போட்டு, முதல் அறுவடையில் வீட்டுக்கு ஓடு போட்டார். அவருடைய மனுசிதான் இரவுக் காவல். அவருக்குச் சட்டம் நன்மை, பத்திரம் கையில் இருப்பதால் வங்கியில் கடன் கேட்கலாம். பத்திரம் இல்லாத களங்கட்டிக்காரருக்கு வங்கியும் இல்லை, நட்டஈடும் இல்லை. இரண்டு பேரும் ஒரே சங்கம், ஒரே தேவாலயம், இப்போது கதை பேச்சு இல்லை. பெரிய முதலாளி வந்து வேறு ஆளின் பெயரில் எடுத்த சதுரங்களும் உண்டு என்று ஊரில் கதை. கதையைக் கதையாகவே விடுகிறேன்.

என் கோபம் சின்ன விசயம் ஒன்றில் நிற்கிறது. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அனுமதிப்பத்திரம் எப்படிக் கொடுப்பது என்று சொல்கிறது, பண்ணையின் நான்கு மூலையும் ஆறாம் தசமம் வரை துல்லியமாய்ப் பதிவாகிறது, அட்டையின் நிறை கிராம் கணக்கில் ஏற்றுமதிப் பத்திரத்தில் இருக்கிறது. ஒரு கரையில் எத்தனை சதுரம் கொடுத்தாகிவிட்டது, எது யாருடையது, படகு போக வழி எங்கே என்று முழுவதையும் சேர்த்துக் காட்டும் வரைபடம் ஒன்று சங்கக் கட்டடத்தில் தொங்கி நான் காணவில்லை. பக்கத்து விண்ணப்பம் எங்கே என்று என்னிடம் வருகிறவருக்கே தெரியாது. இரண்டு பேரின் சதுரமும் என் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதும் உண்டு, சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் புது மெசின் வேண்டாம், பாராளுமன்றமும் கூட வேண்டாம். புள்ளிகள் எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஒரு அலுமாரியில் இருக்கின்றன. கோப்பை யாராவது பென் ட்ரைவில் போட்டுத் தந்தால் தமிழில் பெயர் போட்டு ஏ-1 அளவில் நானே அடித்துத் தருவேன். கலர்ப் பிரதிக்கு வேண்டுமானால் சங்கம் காசு தரட்டும், மை விலை இப்போது நெருப்பு.